ரியோ நகரில் ஒரு சிறுமியின் பிரசங்கம்: சொல் சபையை வெல்லும் விதம்

கிராம சபையிலே பேசுவோர் பலர். பேச்சு காரியத்தில் முடியும் பேறு சிலருக்கே வாய்க்கிறது. ஏரிக்கரை ஆக்கிரமிப்பைப் பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு அமர்கிறார், சபை கலைகிறது, கரை இருந்தபடியே இருக்கிறது. மற்றொருவர் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு அமர்கிறார். கேட்டவர்கள் வீடு திரும்பிய பின்னும் அதையே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இந்த வேறுபாடு குரல் வளத்தால் வருவதா, கல்வியால் வருவதா, வகிக்கும் பதவியால் வருவதா? வள்ளுவர் பெருமான் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்து வைத்தமையை நோக்கின், சபையில் பேசும் திறன் பல குணங்களின் கூட்டு என்பது விளங்கும்.

இதனை ஆராய்வதற்குப் பெரும் நாவலர் ஒருவரின் சொற்பொழிவை எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் அவ்வாறு செய்யாமல், 12 வயதுச் சிறுமி ஒருத்தி 1992-ஆம் ஆண்டில் நிகழ்த்திய, ஏழு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு பிரசங்கத்தை இங்கே எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணமுண்டு. அச்சிறுமிக்குப் பதவி இல்லை, வோட்டு இல்லை, தன் சொல்லை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் எதுவும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் சொல் ஒன்றே. ஆகையால் சொல்லின் வேலையை, வேறு கலப்பின்றி, அங்கே தெளிவாகக் காணலாம். அவள் பேசிய பொருளும் நமக்கு அந்நியமானதன்று. காற்று, நீர், காடு, மீன், மண் ஆகியவற்றைப் பற்றி இன்று முடிவு செய்கிறவர்கள் ஒரு தலைமுறையினர். அம்முடிவின் பலனை அநுபவிக்கப்போகிறவர்கள் மற்றொரு தலைமுறையினர். ஊர்ப் பொதுச் சொத்தை நிர்வகிக்கும் ஒவ்வொரு சபையிலும் இந்த நிலைமை உண்டு.

சந்தர்ப்பம் இது. 1992 ஜூன் 3 முதல் 14 வரை, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனீரோ நகரில், சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் பற்றிய ஐக்கிய நாடுகள் மகாநாடு கூடியது. 172 நாடுகளின் அரசாங்கங்கள் அதில் பங்குகொண்டன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் நேரில் வந்திருந்தனர். தட்பவெப்ப மாறுதல் பற்றிய உடன்படிக்கையும், உயிரின வகைகளைக் காப்பதற்கான உடன்படிக்கையும் அங்கேதான் கையெழுத்துக்கு வைக்கப்பட்டன. இப்பெருங் கூட்டத்தின் முன்னிலையில் பேசியவள், கனடா நாட்டின் வான்கூவர் நகரைச் சேர்ந்த செவர்ன் சுசுகி. அவளுடைய தந்தையார் டேவிட் சுசுகி உயிரியல் அறிஞர். வானொலி, தொலைக்காட்சி வாயிலாக விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்துப் புகழ் பெற்றவர். ஒன்பது வயதிலேயே தோழியருடன் சேர்ந்து சிறுவர்களுக்கான ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தை அவள் தொடங்கியிருந்தாள். அச்சங்கத்தின் சார்பில்தான் நான்கு சிறுமியர் ரியோவுக்கு வந்து சேர்ந்தனர்.

அவள் பேசத் தொடங்கிய முறையைக் கவனிக்க வேண்டும். சபைத் தலைவரைப் புகழ்ந்தும், தனக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறியும் நேரத்தைக் கழிக்கவில்லை. தான் யார், எந்தச் சங்கத்தின் சார்பாகப் பேசுகிறாள், தன் வயதென்ன என்பனவற்றை ஒரு மூச்சில் சொன்னாள். பிரயாணச் செலவுக்கான பணத்தைத் தாங்களே திரட்டிப் பல்லாயிரம் மைல் கடந்து வந்திருப்பதாகச் சொன்னாள். வந்த நோக்கம் பெரியவர்கள் தங்கள் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதே என்று உடனே தெரிவித்துவிட்டாள். தன் பேச்சில் மறைவான உள்நோக்கம் எதுவும் இல்லை என்றும், தன் எதிர்காலத்துக்காகவே போராடுவதாகவும் கூறினாள்.

சபையில் ஒருவர் எழுந்து நின்றால், கேட்போர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, 'இவருக்கு இதில் என்ன ஆதாயம்?' என்பதே. கிணறு வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறவரின் நிலம் அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம் அல்லவா? இந்த ஐயம் தீராதவரை, எவ்வளவு நல்ல யோசனையும் செவியில் ஏறாது. செவர்ன் அந்த ஐயத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டாள். சொந்த முயற்சியால் வந்தவள் என்னும்போது அவளை எவரும் ஏவி அனுப்பவில்லை என்றாகிறது. தன் எதிர்காலமே பணயம் என்னும்போது, ஆதாயம் எது என்பதையும் அவளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். தனக்கு எந்த நலனும் இல்லை என்று சொல்கிறவரைக் காட்டிலும், தன் நலன் இன்னதென்று ஒளிக்காமல் சொல்கிறவரைச் சபை விரைவில் நம்பும்.

அடுத்து அவள் ஓர் ஒப்புமை கூறினாள். எதிர்காலத்தை இழப்பது தேர்தலில் தோற்பதைப் போன்றதன்று. பங்குச் சந்தையில் சில புள்ளிகள் இறங்குவதைப் போன்றதும் அன்று. அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்கள் அரசியல்வாதிகளும் வர்த்தகப் பிரமுகர்களும் ஆவர். அவர்கள் அஞ்சும் இழப்புகள் இவ்விரண்டே. ஆகவே அவர்களுடைய தராசையே எடுத்து, தன் இழப்பை அதில் வைத்துக் காட்டினாள். உழவர் கூட்டத்தில் பேசியிருந்தால் ஒரு போக விளைச்சல் பொய்த்துப் போவதையும் கிணறு நிரந்தரமாக வற்றிப் போவதையும் ஒப்பிட்டிருப்பாள் போலும். எவரிடம் பேசுகிறோமோ அவருடைய அளவுகோலால் அளந்து காட்டுவது அவையறிதலின் ஒரு பகுதி.

பிறகு தன் அச்சங்களைச் சொன்னாள். ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் வெயிலில் போக அஞ்சுவதாகவும், காற்றில் எந்த இரசாயனம் கலந்திருக்கிறதோ என்று மூச்சுவிட அஞ்சுவதாகவும் கூறினாள். இவை பொதுவான செய்திகள். இவற்றை அடுத்து வந்ததுதான் கேட்போர் நெஞ்சைத் தொட்டிருக்க வேண்டும். வான்கூவரில் தன் தந்தையுடன் மீன் பிடிக்கச் செல்வது வழக்கம்; சில ஆண்டுகளுக்கு முன் பிடித்த மீன்களில் புற்றுநோய்க் கட்டிகள் நிறைந்திருப்பதைக் கண்டார்கள்; அத்துடன் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. கதை இவ்வளவுதான்; அதிலே அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் தூண்டிலோடு நிற்கும் ஒரு தந்தையும் மகளும் கேட்போர் கண்முன் வந்து நின்றுவிடுகிறார்கள். உலகில் இத்தனை இலட்சம் டன் கழிவு நீரில் கலக்கிறது என்ற கணக்கு அறிவுக்குத் தெரியும், மனத்தில் பதியாது. கண்ணால் கண்ட ஒரு மீன் பதியும். அந்த மீனிலிருந்து நாள்தோறும் அழிந்துவரும் உயிரினங்களுக்கும், தன் பிள்ளைகள் காணக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற காடுகளுக்கும் அவள் பேச்சை விரித்தாள். வீட்டு வாசலில் தொடங்கி உலகத்துக்குப் போகிறாள். பெரும்பாலான பேச்சாளர்கள் உலகத்தில் தொடங்கி வாசலுக்கு வந்து சேராமலே முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியின் கடைசியில், என் வயதில் நீங்கள் இவற்றைப் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டியிருந்ததா என்று சபையைக் கேட்டாள். விடை யாவருக்கும் தெரியும். ஆனால் அதைப் பேச்சாளர் சொல்லவில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைப் பருவத்தை எண்ணிப் பார்த்துத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிட்டாள். பிறர் சொன்ன முடிவை மறுப்பது எளிது. தாமே கண்ட முடிவை மறுப்பது அத்துணை எளிதன்று.

இனி, இப்பிரசங்கத்தின் உயிர்நிலைக்கு வருவோம். தான் ஒரு சிறுமி மட்டுமே, தன்னிடம் எல்லாவற்றுக்கும் பரிகாரம் இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதே மூச்சில், உங்களிடமும் இல்லை என்பதை நீங்கள் உணர வேண்டும் என்றாள். ஓசோன் படலத்தின் ஓட்டையை அடைக்க உங்களுக்குத் தெரியாது. செத்துப்போன ஓடைக்குச் சால்மன் மீன்களைத் திரும்ப வரவழைக்கத் தெரியாது. அடியோடு அழிந்த ஒரு பிராணியை மீட்கத் தெரியாது. பாலையாகிவிட்ட இடத்தில் முன்பிருந்த காட்டைக் கொண்டுவர முடியாது. ஆகவே, சரிசெய்யத் தெரியாதவற்றை உடைப்பதையாவது தயைகூர்ந்து நிறுத்துங்கள் என்பது அவள் கண்ட முடிவு.

சால்மன் என்பது நம் பக்கத்தில் இல்லாத மீன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பசிபிக் கடலோரத்துச் சால்மன், மலையோடைகளின் நன்னீரில் பொரிந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த ஓடையையே தேடி எதிர்நீச்சலிட்டுத் திரும்பும் இயல்புடையது. முட்டையிட்டபின் மடிந்துவிடும். ஆகவே ஓடை ஒன்று கெட்டுவிட்டால், அந்த ஓடைக்குரிய மீன் வமிசமே அறுந்துபோகிறது. விதைநெல் முழுவதையும் ஒரே வருஷத்தில் இழந்துவிட்ட நாட்டு நெல் இரகத்தின் கதி போன்றது அது. வான்கூவர்ச் சிறுமிக்கு இது புத்தகச் செய்தியன்று. அவள் ஊர்ப்பக்கத்து வாழ்க்கை. உவமைக்குத் தொலைவிலே தேடாமல் தன் ஊர் மீனையே எடுத்துக்கொண்டாள்.

இந்த வாதத்தில் ஒளிந்திருக்கும் தந்திரத்தை உற்று நோக்க வேண்டும். வழக்கமாக, கெடுதல் வரும் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆலைக் கழிவால் கிணறு கெடும் என்று உழவர் முறையிட்டால், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கப்படுகிறது. ஆதாரம் கிடைப்பதற்குள் கிணறு கெட்டுவிடுகிறது. செவர்ன் இந்தப் பாரத்தைப் பெயர்த்து மறுபக்கத்தில் வைத்துவிட்டாள். கெடும் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை; கெட்டால் சரிசெய்யத் தெரியும் என்று நீங்கள் நிரூபியுங்கள் என்பது அவள் வாதத்தின் சாரம். தன் அறியாமையை முதலில் ஒப்புக்கொண்டதால்தான், எதிரிலிருப்பவர்களின் அறியாமையைச் சுட்டிக்காட்டும் உரிமையை அவள் பெற்றாள். எல்லாம் அறிந்தவளைப்போல் பேசியிருந்தால், ஒரு நிபுணர் எழுந்து ஒரு கேள்வியால் அவளை உட்கார வைத்திருக்கக்கூடும்.

சிறுமியின் வாய்மொழியாக வந்த இக்கருத்து, அதே மகாநாட்டில் சட்ட நடையிலும் எழுதப்பட்டது. ரியோ பிரகடனத்தின் 15-ஆவது கோட்பாடு, மீட்க முடியாத பெருங்கேடு நேரும் என்ற அச்சம் இருக்குமிடத்தில், விஞ்ஞான நிச்சயம் முழுமையாகக் கிட்டவில்லை என்ற காரணத்தைக் காட்டித் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடலாகாது என்று கூறுகிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்பது அதன் பெயர். அக்கோட்பாடு நம் பாலாற்றங்கரைக்கும் வந்து சேர்ந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறும் சுற்றியுள்ள நிலங்களும் கெடுவது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. அத்தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சாகுபடிக்கு ஓரளவோ முழுமையாகவோ தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டது அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும், தன் தொழிலால் கேடு இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்றும் நீதிபதிகள் கூறினர். அச்சிறுமியின் பேச்சினால்தான் இவையெல்லாம் நிகழ்ந்தன என்று நாம் கூற வரவில்லை. அந்த எண்ணம் அக்காலத்து அறிஞர் பலரிடம் உருவாகிவந்த ஒன்று. சட்ட வல்லுநர்கள் பல பக்கங்களில் எழுதியதை ஒரு குழந்தை ஒரே வாக்கியத்தில் எவருக்கும் விளங்கச் சொன்னாள் என்பதே இங்கே கருதத்தக்கது.

பதவிகளைக் களைந்த விதமும் அழகானது. நீங்கள் இங்கே அரசாங்கப் பிரதிநிதிகளாகவும், வியாபாரிகளாகவும், பத்திரிகையாளராகவும், அரசியல்வாதிகளாகவும் இருக்கலாம். உண்மையில் நீங்கள் தாய்மார்கள், தந்தையர், உடன்பிறந்தோர், அத்தைமார், மாமன்மார். உங்களில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் குழந்தை என்றாள். பிரதிநிதி என்பவர் தம் அரசாங்கம் எழுதிக் கொடுத்ததைத்தான் பேச முடியும். தந்தைக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. ஆகவே பிரதிநிதியை விட்டுத் தந்தையோடு பேசினாள். மாமன், அத்தை என்று முறை வைத்து அழைத்துக் காரியம் முடிக்கும் கலை நம் கிராமத்தாருக்குப் புதிதன்று. வரி பாக்கி வசூலிலிருந்து கோயில் திருப்பணி வரை அதனால்தான் நடக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது. அவள் வரிசையின் கடைசியில் வைத்த சொல்லே வலிமை மிக்கது. அங்கிருந்தோரில் எல்லாரும் பெற்றோராக இல்லாதிருக்கலாம். ஆனால் யாருக்கும் பிள்ளையாகப் பிறவாதவர் ஒருவரும் இல்லை.

'நான் ஒரு சிறுமிதான்' என்னும் தொடரைத் திரும்பத் திரும்பப் பல்லவிபோல் வைத்து, ஒவ்வொரு முறையும் அதையடுத்து 'ஆயினும் எனக்குத் தெரியும்' என்று ஓர் உண்மையை இணைத்தாள். பொருள்களை வாங்குவதும் எறிவதுமாகத் தன் நாட்டார் வாழ்வதைச் சொல்லும்போது, வாங்குகிறோம், எறிகிறோம் என்பதை மும்முறை அடுக்கினாள். அந்த அடுக்கில் ஓயாத நுகர்ச்சியின் சலிப்பு காதிலேயே விழுகிறது. இதில் ஒலியழகைக் காட்டிலும் முக்கியமானது, குற்றத்தைத் தன் நாட்டிலிருந்து தொடங்கியமை. எங்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், வீடு எல்லாம் நிறைய உண்டு. கைக்கடிகாரமும் சைக்கிளும் கம்ப்யூட்டரும் உண்டு. ஆனாலும் பங்கிட்டுக் கொடுக்க அஞ்சுகிறோம் என்றாள். 'நீங்கள்' என்று சுட்டும் விரலை முதலில் 'நாங்கள்' என்று தன் பக்கம் திருப்பிக்கொண்டவளைக் குறைகூற எவருக்கும் வாய் எழாது.

அங்கிருந்து, இரண்டு நாளைக்கு முன் ரியோ வீதியில் தான் சந்தித்த ஒரு தெருக்குழந்தையின் சொல்லை எடுத்து வைத்தாள். பணக்காரனாக இருந்தால் தெருவில் வாழும் குழந்தைகளுக்கெல்லாம் உணவு, உடை, மருந்து, தங்க இடம், அன்பு எல்லாம் கொடுப்பேன் என்று அக்குழந்தை சொல்லிற்றாம். ஒன்றும் இல்லாத குழந்தை கொடுக்க விரும்பும்போது, எல்லாம் உள்ள நாம் ஏன் இவ்வளவு பேராசை கொண்டிருக்கிறோம் என்று கேட்டாள். எங்கே பிறந்தோம் என்பதே வாழ்வை எவ்வளவு மாற்றிவிடுகிறது, ரியோவின் சேரியிலோ, சோமாலியாவின் பஞ்சத்திலோ, மேற்காசியப் போரிலோ தானும் அகப்பட்டிருக்கலாம் என்று அடுக்கி வந்தவள், இந்தியாவில் ஒரு பிச்சைக்காரியாகவும் இருந்திருக்கலாம் என்றாள். இதைக் கேட்கும் நமக்குச் சற்று உறுத்துகிறது. கோடிக்கணக்கான உழவர் உழைத்து வாழும் நாட்டை ஒரு பிச்சைப் பாத்திரத்தால் அடையாளங் காட்டுவது முறையா? சிறுமி இழிவு கருதிச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் கேட்போர் மனத்தில் முன்பே பதிந்திருக்கும் சித்திரத்தைப் பயன்படுத்துவது பேச்சாளருக்கு எளிதாக இருப்பதைப்போலவே, அச்சித்திரத்தில் அகப்பட்டோருக்கு அது அநீதியாகவும் இருக்கிறது. நம் சபைகளிலும் ஒரு தெருவாரை, ஒரு தொழிலாரை ஒரே சொல்லால் அடையாளமிட்டுப் பேசும் வழக்கம் இல்லாமல் இல்லை.

பெரியவர்களை அவர்கள் சொல்லாலேயே மடக்கிய இடம் இனி வருகிறது. பாலர் பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லித்தருகிறீர்கள்: சண்டையிடாதே, பேசித் தீர்த்துக்கொள், மற்றவரை மதி, நீ சிதறியதை நீயே சுத்தம் செய், பிற உயிர்களைத் துன்புறுத்தாதே, பகிர்ந்து கொடு, பேராசைப்படாதே. பிறகு வெளியே போய் நீங்களே ஏன் இவற்றைச் செய்கிறீர்கள்? இந்தக் கேள்வியில் புதிய செய்தி எதுவும் இல்லை. புதிய நீதி எதுவும் இல்லை. அந்த விதிகளை வகுத்தவர்களே கேட்போர். அவற்றை மறுத்தால் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை மறுத்தவராவர். ஏற்றால் தம் நடத்தையைக் குற்றமென்று ஏற்றவராவர். தப்பிப்பதற்கு மூன்றாவது வழி இல்லை. மேலும், கழிவைச் சுத்தம் செய்வது, பகிர்ந்து கொடுப்பது என்னும் பாலர் பாடங்கள்தாம் அந்த மகாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் பெரிய பெயர்களோடு இடம் பெற்றிருந்தன என்பதையும் எண்ணினால், அவள் தேர்ந்தெடுத்த பட்டியல் எவ்வளவு சரியானது என்பது புரியும்.

நீ சொல்வதன்று, நீ செய்வதே நீ என்னும் தன் தந்தையின் வாக்கைச் சொல்லி, உங்கள் செய்கை என்னை இரவில் அழச்செய்கிறது என்றாள். எங்களை நேசிப்பதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லைச் செயலில் காட்டுங்கள் என்று சவால் விடுத்து, நன்றி கூறி அமர்ந்தாள். பேச்சு உச்சத்தை அடைந்தவுடனே நிறுத்திவிட்டாள். இன்னும் இரண்டு நிமிடம் நீட்டியிருந்தால் உணர்ச்சி ஆறியிருக்கும்.

இவ்வளவும் சொன்னபின், பிரசங்கத்தின் குறைகளையும் சொல்வது நம் கடமை. மனித குடும்பம் 500 கோடி என்றாள். அந்த ஆண்டில் உலக ஜனத்தொகை 540 கோடியைத் தாண்டியிருந்தது. இது பொருட்படுத்தத்தக்க பிழையன்று. உயிரின வகைகள் 3 கோடி என்றாள். வெப்பமண்டலக் காட்டு வண்டுகளைக் கொண்டு 1982-இல் ஓர் அறிஞர் செய்த மதிப்பீடு அது. 2011-இல் வெளிவந்த மற்றொரு மதிப்பீடு சுமார் 87 இலட்சம் என்கிறது. உறுதியில்லாத எண்ணை உறுதிபோலச் சொல்வது, நல்ல வழக்கைக்கூட எதிராளியின் கையில் கொடுத்துவிடும். கிராம சபையில் கிணறுகளின் எண்ணிக்கை சொல்லும்போதும், வரத்துக்கால்வாயின் நீளம் சொல்லும்போதும், முன்னாளே நேரில் சென்று அளந்து வருவது நல்லது.

ஓசோன் விஷயம் இன்னும் சுவையானது. ஓட்டையை அடைக்க உங்களுக்குத் தெரியாது என்று அவள் சொன்னபோதே, அதற்கான வேலை தொடங்கிவிட்டிருந்தது. தென் துருவத்தின்மேல் ஓசோன் மெலிவதை விஞ்ஞானிகள் 1985-இல் வெளியிட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன் முதலிய வாயுக்களே காரணம் என்று கண்டு, அவற்றைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் நகரில் ஏற்பட்டது; 1989 முதல் அமுலுக்கு வந்தது. எந்தப் பொருளை, எந்த நாடு, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதில் கெடு வைக்கப்பட்டது. ஏழை நாடுகளுக்குச் செலவுக்கு உதவ ஒரு நிதியும் பின்னர் ஏற்பட்டது. இந்தியாவும் 1992-இலேயே அதில் சேர்ந்தது. பிற்காலத்தில் உலக நாடுகள் யாவும் சேர்ந்தன. 2023 ஜனவரியில் வெளியான ஐக்கிய நாடுகள் மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால், ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் ஆண்டளவிலும், தென் துருவத்தில் 2066-ஆம் ஆண்டளவிலும் 1980-இல் இருந்த நிலையை அடையும். ஆகவே சிறுமி ஒரு வகையில் தவறினாள். மற்றொரு வகையில் மிகச் சரியாகச் சொன்னாள். ஓட்டையை எவரும் ஏறிச்சென்று அடைக்கவில்லை. உடைப்பதை நிறுத்தினார்கள், அது தானே ஆறத் தொடங்கியது.

பேச்சுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெரிகிறது. செவர்னின் பிரசங்கத்தில், இன்னார் இன்ன நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஒன்றுகூட இல்லை. நெஞ்சம் உருகியவர்களும் வெளியே வந்து என்ன செய்வதென்று அறியாமல் நின்றிருக்கலாம். 12 வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. அதைச் செய்ய வேண்டியவர்கள் கேட்டவர்களே. 'உலகை ஐந்து நிமிடம் வாயடைக்கச் செய்த சிறுமி' என்று பின்னாளில் அப்பேச்சின் படத்துக்குப் பெயரிட்டு உலகெங்கும் பரப்பினார்கள். வாயடைத்துப்போவது ஒரு பதில் ஆகுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவளுக்குப் பின்வந்த இளைஞர்கள் வேறு வழிகளைக் கையாண்டனர். சுவீடன் நாட்டுக் கிரேட்டா துன்பர்க், 2019 செப்டம்பர் 23-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் கூட்டத்தில் தம் 16-ஆவது வயதில் பேசியபோது, கேட்போரை உறவு சொல்லி அழைக்கவில்லை. எப்படித் துணிந்தீர்கள் என்று நேரே குற்றஞ்சாட்டினார். விஞ்ஞானிகளின் கணக்குகளையும் உடன் வைத்தார்: வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த 67 சதவிகித வாய்ப்பு வேண்டுமானால், 2018 தொடக்கத்தில் உலகம் வெளியிடக் கூடிய கரியமிலவாயு 42,000 கோடி டன் இருந்தது. அது 35,000 கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது என்றார். கோபப் பேச்சு ஏற்கெனவே உடன்பட்டவர்களை எழுப்பும். மாறுபட்டவர்களை விலக்கிவிடும் என்பது நம் கருத்து. நம் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் 2021 நவம்பர் 2-இல் கிளாஸ்கோ மகாநாட்டில் பேசியபோது, வெற்று வாக்குறுதிகளைக் கண்டு தம் தலைமுறையினர் கொள்ளும் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் கோபப்படத் தமக்கு நேரமில்லை, செயலாற்றவே விரும்புவதாகக் கூறினார். துணி தேய்க்கும் தொழிலாளரின் கரிப்பெட்டிக்கு மாறாகச் சூரிய ஒளியில் இயங்கும் வண்டி ஒன்றை அவர் வடிவமைத்திருந்தார். செவர்னின் பேச்சுக்குப் பின்னால் ஒரு மீன் இருந்தது. கிரேட்டாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. வினிஷாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு வண்டி இருந்தது. மூன்றில் வண்டிதான் நம் பஞ்சாயத்துகளுக்கு அருகில் வருவது.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட ஏற்பாடு செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச்சு 22. சபையின் அங்கத்தினர் என்போர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்கள். பள்ளிக் குழந்தைகள் அதில் இல்லை. ஆயினும் ஓர் ஆசிரியரோ பெற்றோரோ அழைத்துவந்து, ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச ஒரு குழந்தை அநுமதி கேட்டால், தலைவர் அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கும்போது சில விஷயங்களைப் பகுத்தறிதல் வேண்டும். குழந்தை தான் கண்டதைச் சொல்கிறதா, அல்லது பெரியவர் எவரோ தம் வழக்கை அதன் வாயில் ஏற்றி அனுப்பியிருக்கிறாரா? சொந்தமாகக் கண்டதில் சிறு சிறு விவரம் இருக்கும்: எந்த மதகு, எந்த மரம், எந்த நாள். ஏற்றி அனுப்பியதில் பெரிய சொற்கள் இருக்கும். குழந்தையின் கண்ணீருக்காக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றுவதும் தவறு. குழந்தை என்பதற்காக அது சொன்ன செய்தியைத் தள்ளுவதும் தவறு. சொன்னது மெய்யா என்று மறுநாள் காலையில் இருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மெய்யென்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் 'மாணவியின் உருக்கமான பேச்சை இச்சபை பாராட்டுகிறது' என்று எழுதுவதால் பயனில்லை. ஏரியின் பெயர், புல எண், குப்பை கொட்டப்படும் இடம் கரையின் எந்தப் பக்கம், அதை அகற்றும் பொறுப்பு யாருடையது, செலவு எந்தக் கணக்கில், எந்தத் தேதிக்குள், முடிந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார் என்பவை அதில் இடம்பெற வேண்டும். பேசிய குழந்தையின் கேள்விக்கு என்ன பதில் என்பதை அக்குழந்தைக்கும் சொல்லியனுப்ப வேண்டும். செவர்ன் அம்மையார் 20 ஆண்டுகள் கழித்து, 2012-இல், அதே ரியோ நகரில் கூடிய மகாநாட்டுக்குத் தாமே ஒரு தாயாகி மீண்டும் வந்தார். 12 வயதில் தாம் கேட்ட கேள்விகளுள் பலவற்றை அப்போதும் அவர் கேட்க வேண்டியிருந்தது.